தேய்க்கிற ஸ்பிரிட் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்? வீட்டு அலமாரியில் ஓர் ஆபத்து!

2021 ஜனவரி 31. நாடு முழுக்க போலியோ சொட்டு மருந்து முகாம். மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் ஒரு கிராமம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள். அன்று அங்கே 12 குழந்தைகளின் வாயில் விழுந்தது போலியோ சொட்டு மருந்து அல்ல, ஹேண்ட் சானிட்டைசர்!

சில குழந்தைகளுக்கு வாந்தி வந்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. எல்லோரையும் மருத்துவமனையில் சேர்த்துக் கண்காணித்தார்கள். நல்லவேளையாக, குழந்தைகள் பிழைத்துக்கொண்டார்கள். பணியில் இருந்த சுகாதாரப் பணியாளர்கள் மூவர் மீது நடவடிக்கை பாய்ந்தது.

'அது எப்படிங்க மாறும்?' என்று கோபப்படுவது எளிது. ஆனால், நம் வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். இருமல் சிரப் பக்கத்தில் சானிட்டைசர். பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த ஸ்பிரிட். பெயின்ட் அடித்தபோது மிஞ்சிய தின்னர், கூல் டிரிங்ஸ் பாட்டிலில். லேபிள் கிடையாது. மூடியும் இறுக்கமில்லை. முகாமில் நடந்த அதே தவறு வீட்டில் நடக்க ஒரு நிமிடம் போதும்.

தோலில் தேய்ப்பதற்காக மட்டுமே தயாரான ஆல்கஹால் வயிற்றுக்குள் போனால் என்ன நடக்கும், போய்விட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்த வாரம் நாம் பார்க்கப்போவது.

ஒரே குடும்பம்... மூன்று குணம்!

'ஆல்கஹால்' என்பது ஒரே ஒரு பொருளின் பெயர் அல்ல. ஒரு குடும்பப் பெயர். அதில் மூன்று பேரை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலாவது, எத்தனால். பீர், பிராந்தி, விஸ்கியில் இருப்பது இதுதான். பல சானிட்டைசர்களிலும் இதுவே இருக்கிறது.

இரண்டாவது, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். சுருக்கமாக ஐ.பி.ஏ. வெளிநாடுகளில் 'ரப்பிங் ஆல்கஹால்' என்று விற்பதில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். நம் ஊரில் ஊசி போடும் முன் கையில் துடைக்கிற பஞ்சு, பல சானிட்டைசர்கள், செல்போன் சர்வீஸ் கடையில் போர்டைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் திரவம் எனப் பல இடங்களில் புழங்குகிறது.

மூன்றாவது, மெத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகவும், வேறு ரசாயனங்கள் தயாரிக்கவும் பயன்படுவது. சில வகை தின்னர், வார்னிஷ்களிலும் இருக்கும். மூவரில் மிகக் கொடியது இதுதான்.

மூன்றுமே தண்ணீர் போல நிறமற்றவை. மூன்றுக்கும் 'ஸ்பிரிட்' வாசனைதான். பார்த்தோ, முகர்ந்தோ எது எது என்று கண்டுபிடிக்க முடியாது. 'பற்ற வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்' என்று சிலர் சொல்வார்கள். தெரியாது. மூன்றுமே எரியும். வீட்டில் செய்து பார்க்கக்கூடிய நம்பகமான சோதனை எதுவும் இல்லை. லேபிள் ஒன்றுதான் நமக்கு இருக்கும் வழி. அந்த லேபிளே சில நேரம் பொய் சொல்லும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஸ்பிரிட் உள்ளே போனால்...

உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த சானிட்டைசர் தயாரிப்பு முறைகள் இரண்டு. ஒன்றில் எத்தனால் 80 சதவிகிதம். மற்றொன்றில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 75 சதவிகிதம். நம் நாட்டில் விற்கும் பிராந்தி, விஸ்கியில் ஆல்கஹால் அளவு 42.8 சதவிகிதம். ஆக, சானிட்டைசரின் ஒரு மடக்கு என்பது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வீரியம்.

அதிலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மூளையை மந்தமாக்குவதில் அது எத்தனாலைவிட ஏறக்குறைய இரு மடங்கு சக்தி கொண்டது. குடித்த சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் கலக்கத் தொடங்கிவிடும்.

முதலில் தொண்டையும் வயிறும் எரியும். குமட்டல், வாந்தி வரும். இரைப்பையின் உட்சுவர் புண்ணாகி, வாந்தியில் ரத்தமும் வரலாம். அடுத்து தலைசுற்றல், குழறிய பேச்சு, தள்ளாட்டம். பிறகு தூக்கம். அளவு அதிகமானால் அந்தத் தூக்கம் மயக்கமாகும், ரத்த அழுத்தம் சரியும், மூச்சு மெதுவாகும். சிகிச்சை கிடைக்காவிட்டால் மூச்சே நின்றுபோகலாம்.

இன்னொரு விஷயமும் நடக்கும். கல்லீரல் இந்த ஆல்கஹாலை அசிட்டோனாக மாற்றுகிறது. ஆம், நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அதே அசிட்டோன். குடித்தவரின் மூச்சில் அந்த வாசனை வரும். அசிட்டோனும் மூளையை மந்தமாக்கும். உடலைவிட்டு வெளியேறவும் நேரம் எடுக்கும். அதனால் மயக்கம் நீண்டுகொண்டே போகும்.

இந்த இடத்தில்தான் வீடுகளில் பெரிய தவறு நடக்கிறது. பார்ப்பவர்களுக்கு அது சாதாரண போதை மாதிரியே தெரியும். 'தூங்கட்டும், காலையில தெளிஞ்சிடும்' என்று படுக்க வைத்து விடுகிறார்கள். மல்லாந்து படுத்திருப்பவருக்கு வாந்தி வந்தால், அது மூச்சுக்குழாய்க்குள் போய் அடைத்துவிடும். மூச்சு மெல்லக் குறைவதையும் இருட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கண்ணைப் பறிக்கும் மெத்தனால்

மெத்தனால் வேறு மாதிரி ஏமாற்றும். குடித்த சில மணி நேரத்துக்குப் பெரிதாக எதுவும் தெரியாமல் இருக்கலாம். லேசான போதை, தலைவலி, அவ்வளவுதான். ஆனால் உள்ளே கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றிக்கொண்டிருக்கும். அந்த அமிலம்தான் ஆளைக் கொல்வது.

பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்தில் வயிற்றுவலி, வாந்தி, மூச்சுவாங்கல் தொடங்கும். கூடவே மதுவும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகலாம். பார்வை மங்கும். 'பனிமூட்டத்துக்குள்ள பார்க்கிற மாதிரி இருக்கு', 'எல்லாம் வெள்ளையா தெரியுது' என்பார்கள். கண் நரம்பை அமிலம் தாக்குவதன் அறிகுறி அது. உயிர் பிழைத்தாலும் பார்வை திரும்பாமல் போகலாம்.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷம் புதிதல்ல. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அடுத்த ஆண்டே, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரம் பகுதியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் சாவு விழுந்த அந்த நாள்களை யாரும் மறந்திருக்க முடியாது.

சாராயம் குடிப்பவர்களுக்குத்தானே இந்தக் கவலை என்று நினைக்க வேண்டாம். 2020 மே, ஜூன் மாதங்களில் அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களில் சானிட்டைசர் குடித்த 15 பேர் மெத்தனால் விஷத்தால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். மூன்று பேர் பார்வைக் குறைபாட்டோடு வீடு திரும்பினார்கள். சானிட்டைசரில் மெத்தனால் இருக்கவே கூடாது. ஆனால், அந்தச் சமயத்தில் 'எத்தனால்' என்று லேபிள் ஒட்டிய பல சானிட்டைசர்களில் மெத்தனால் கலந்திருப்பதை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கண்டுபிடித்து எச்சரித்தது. லேபிளே பொய் சொல்லும் என்றது இதைத்தான்.

கடை மூடியபோது...

தெரியாமல் குடிப்பது ஒரு வகை. தெரிந்தே குடிப்பது இன்னொரு வகை.

2020 ஜூலை இறுதி. ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்தில் குறிச்சேடு என்ற ஊர். கொரோனா கட்டுப்பாட்டால் மதுக்கடைகள் மூடப்பட்டிருந்தன. குடிக்குப் பழகிப்போன சிலர் சானிட்டைசர் வாங்கி, தண்ணீரிலும் கூல் டிரிங்ஸிலும் கலந்து குடித்தார்கள். 10-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அதே ஆண்டு ஈரானில், 'ஆல்கஹால் குடித்தால் கொரோனா வராது' என்ற வதந்தியை நம்பி மெத்தனாலைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

'இப்படியா குடிப்பாங்க?' என்று நமக்குத் தோன்றும். ஆனால், குடிநோய் முற்றியவருக்குத் திடீரென மது நின்றால் உடல் சும்மா இருக்காது. கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த அவஸ்தையில் கைக்குக் கிடைப்பதைக் குடிக்கிறார்கள். இது ஒழுக்கக் கேடு அல்ல, நோய். மருந்து கொடுத்துப் பாதுகாப்பாகக் கடக்க வைக்க முடியும். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு.

இப்படிக் குடிப்பவர்கள் மத்தியில் சில நம்பிக்கைகள் இருக்கின்றன. தண்ணீர் நிறைய கலந்தால் வீரியம் போய்விடும், துணியில் வடிகட்டினால் விஷம் போய்விடும், எலுமிச்சை பிழிந்தால் முறிந்துவிடும் என்பார்கள். ஒன்றுகூட உண்மை இல்லை. மெத்தனாலும் ஐசோபுரொப்பைலும் தண்ணீரோடு முழுமையாகக் கலப்பவை. எந்தத் துணியும் அவற்றைப் பிரிக்காது. குடித்தால் கசக்கவோ குமட்டவோ வேண்டும் என்பதற்காகவே தொழிற்சாலை ஸ்பிரிட்டில் வேறு பொருள்களையும் சேர்த்திருப்பார்கள். அவையும் சேர்ந்துதான் உள்ளே போகும்.

குழந்தைக்கு ஒரு மடக்கே அதிகம்

பெரியவருக்கு வாந்தியோடு முடியும் அளவு, இரண்டு வயதுக் குழந்தைக்கு ஆபத்தாகிவிடலாம். உடல் எடை குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஆல்கஹால் உள்ளே போனால் குழந்தைகளின் ரத்தத்தில் சர்க்கரை அளவு சட்டென்று சரியலாம். அதனால் வலிப்பு வரலாம். உடல் சில்லிட்டும் போகலாம்.

வண்ண வண்ண ஜெல், ஸ்ட்ராபெர்ரி வாசனை, பொம்மை போட்ட குட்டி பாட்டில் என்று சானிட்டைசர் வந்தால் குழந்தை அதை மிட்டாய் என்றுதான் நினைக்கும்.

அதற்காகப் பதறவும் வேண்டாம். சானிட்டைசர் தேய்த்துக் காய்ந்த கையைக் குழந்தை நக்கிவிட்டால் பொதுவாக ஒன்றும் ஆகாது. பாட்டிலைச் சாய்த்து விழுங்குவதுதான் பிரச்னை.

இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். காய்ச்சல் குறைய வேண்டும் என்று குழந்தையின் உடம்பு முழுக்க ஸ்பிரிட் தேய்ப்பார்கள். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உள்ளே போகும். அப்படித் தேய்த்தே குழந்தைகள் மயங்கிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. காய்ச்சலுக்குத் தேவை டாக்டர் சொன்ன அளவில் மருந்து, போதுமான தண்ணீர், மெல்லிய ஆடை. ஸ்பிரிட் வேண்டாம்.

குடித்துவிட்டால் என்ன செய்வது?

* அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். மெத்தனாலாக இருந்தால், 'நல்லாத்தானே இருக்கார்' என்று நீங்கள் நினைக்கும் அந்த நேரம்தான் சிகிச்சைக்குச் சரியான நேரம்.

* வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், தொண்டைக்குள் விரல் எதுவும் கூடாது. அரை மயக்கத்தில் இருப்பவருக்கு வாந்தி நுரையீரலுக்குள் போகும்.

* மோர், பால், எலுமிச்சைச்சாறு, காபி என எதையும் வாயில் ஊற்றாதீர்கள். காபி போதையைத் தெளிவிக்கும் என்பது கட்டுக்கதை.

* மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தனியாக விடாதீர்கள். மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

* குடித்த பாட்டிலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். லேபிள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மிச்சமிருக்கும் திரவத்தோடு கொண்டுபோங்கள்.

* எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்குக் குடித்தார், கூடவே வேறு என்ன சாப்பிட்டார் என்பதைச் சொல்லுங்கள். ஒரே பாட்டிலில் குடித்த மற்றவர்களையும் தேடிப் பிடித்து அழைத்து வாருங்கள்.

டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. என்ன செய்வது என்று அங்கேயும் கேட்கலாம். ஆனால், 108 அழைத்த பிறகு!

'வயித்தைக் கழுவிட்டா போதும்' என்று சிலர் மருத்துவமனையில் பிடிவாதம் பிடிப்பதுண்டு. ஆல்கஹால் வேகமாக ரத்தத்தில் கலந்துவிடுவதால், பெரும்பாலும் அதில் பலன் இருக்காது. கரித்தூளும் ஆல்கஹாலை உறிஞ்சாது. மெத்தனாலுக்கு மாற்று மருந்து உண்டு. ஃபோமெபிசோல், அல்லது அளந்து கொடுக்கும் எத்தனால். உடல் மெத்தனாலை அமிலமாக மாற்றுவதை இவை தடுக்கும். தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்து விஷத்தை வெளியேற்றுவார்கள்.

'எத்தனால்தான் மருந்து என்றால் வீட்டிலேயே பிராந்தி கொடுத்துவிடலாமே' என்று நினைத்துவிடாதீர்கள். மருத்துவமனையில் அதை ரத்தப் பரிசோதனை செய்து செய்து அளந்து கொடுப்பார்கள். குடித்தது ஐசோபுரொப்பைலாக இருந்தால், மேலே ஊற்றும் பிராந்தி மயக்கத்தைக் கூட்டத்தான் செய்யும். அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் காப்பாற்றிக்கொண்டே உடல் அதை வெளியேற்றும்வரை காத்திருப்பதுதான் சிகிச்சை. அந்தக் காத்திருப்பை வீட்டில் செய்ய முடியாது.

வெட்கம் உயிரைவிடப் பெரிதா?

மருத்துவமனை வாசலில் குடும்பங்கள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. டாக்டர் 'என்ன குடிச்சார்?' என்று கேட்டதும், 'எதையோ சாப்பிட்டார், வாந்தி வருது' என்று மழுப்புவார்கள். அக்கம் பக்கத்துக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே, போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்ற பயம்.

இந்த ஒரு பொய் சிகிச்சையையே திசைமாற்றிவிடும். ஐசோபுரொப்பைல் குடித்தவரின் மூச்சில் அசிட்டோன் வாசனை, சிறுநீரில் கீட்டோன். சர்க்கரை நோயின் சிக்கலோ என்று முதலில் சந்தேகம் வரலாம். மெத்தனால் குடித்தவரை வெறும் வயிற்றுக் கோளாறு என்று நினைத்துவிடலாம். 'ஸ்பிரிட் குடிச்சார், மத்தியானம் இரண்டு மணிக்கு' என்ற ஒரு வாக்கியம் டாக்டருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.

விஷ பாதிப்பு என்றால் மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தருவது வழக்கமான நடைமுறைதான். ஆனால், அதற்காகச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது. எந்த வழக்காக இருந்தாலும் முதலில் உயிரைக் காப்பாற்றுவதே டாக்டரின் கடமை என்று 1989-லேயே பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மன வேதனையில் உயிரை விட நினைத்துக் குடித்தவராக இருந்தாலும், 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தண்டனைக்குப் பதிலாக, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரும் பொறுப்பை அரசிடம் கொடுத்திருக்கிறது.

இன்றே செய்ய வேண்டியவை

* சானிட்டைசர், ஸ்பிரிட், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாவற்றையும் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டக்கூடிய இடத்தில் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். எல்லாமே தீப்பற்றும்.

* மருந்து இருக்கும் அலமாரி வேறு, இவை இருக்கும் அலமாரி வேறாக இருக்கட்டும்.

* தண்ணீர் பாட்டில், கூல் டிரிங்ஸ் பாட்டில், டம்ளர் ஆகியவற்றில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். வந்த பாட்டிலிலேயே, லேபிளோடு இருக்கட்டும்.

* கண் சரியாகத் தெரியாத தாத்தா, பாட்டி இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். இரவில் மாத்திரைக்குத் தண்ணீர் தேடும் கை எந்த பாட்டிலைத் தொடும் என்று சொல்ல முடியாது.

* லேபிள் இல்லாத, லூஸில் விற்கும் சானிட்டைசரை வாங்காதீர்கள்.

* வீட்டில் யாராவது குடியை நிறுத்த முயன்றால், திடீரென நிறுத்தச் சொல்லி அறையில் பூட்டாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, தமிழக அரசின் மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல உதவிக்கு 14416 ஆகிய எண்களை அழைக்கலாம்.

யவத்மாலில் அந்த 12 குழந்தைகளும் தப்பித்ததற்கு ஒரு காரணம், உள்ளே போனது சில சொட்டுகள்தான் என்பது. இன்னொரு காரணம், என்ன கொடுக்கப்பட்டது என்பது டாக்டர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் வீட்டு அலமாரியில் லேபிள் இல்லாமல் ஒரு பாட்டில் நின்றால் அந்த இரண்டாவது வாய்ப்பு நமக்குக் கிடைக்காது. இதைப் படித்து முடித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு, முதலில் அந்த பாட்டிலைத் தேடுங்கள்.